விற்பனைத் தொகையைச் சம்பளத்தோடு ஒப்பிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றிய கட்டுரைகள் தங்கள் நாளிதழிலும் மற்ற இதழ்களிலும் அடிக்கடி வருகின்றன. 35 ஆயிரம் சம்பளம் வாங்கியவர் இன்று மாதம் மூன்று லட்சத்துக்கு வியாபாரம் செய்கிறார் என்ற வரி இல்லாத கட்டுரை அபூர்வம். கோவை வட்டாரத்தில் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதும் எங்களுக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. 35 ஆயிரம் வீட்டுக்கு வந்த பணம். மூன்று லட்சம் கல்லாப்பெட்டி வழியாகப் போன பணம். இரண்டையும் அருகருகே அச்சிட்டால் படிப்பவர் இரண்டாவதைத்தான் பெரிதாக நினைப்பார். விற்பனைத் தொகையோடு சேர்த்து, எல்லாச் செலவும் போக முதலாளி வீட்டுக்கு எடுத்துச் செல்வது எவ்வளவு, வெளியே நிற்கும் பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதும்படி தங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள். சொல்ல மறுப்பவரின் கதையைப் போடாமல் விட்டாலும் நஷ்டமில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு இட்லி, தோசை மாவுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் வேலையை விட்டு வருகிறவர்கள் அதிகம் இறங்குவது இதில்தான். கிரைண்டர் உள்ளூரிலேயே கிடைக்கிறது, பக்குவம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், முதலும் குறைவு. ஆனால் கணக்கைப் பாருங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறைக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம்.

இட்லி அரிசி 8 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 360. முழு உளுந்து 2 கிலோ, கிலோ 130 வீதம் 260. வெந்தயம், கல்லுப்பு, சுத்திகரித்த தண்ணீர் எல்லாம் சேர்த்து 24. ஆக 644 ரூபாய். இதிலிருந்து கடையில் விற்கிற பதத்தில் ஏறக்குறைய 23 கிலோ மாவு வரும். கிலோவுக்கு மூலப்பொருள் செலவு 28 ரூபாய். மளிகைக் கடைக்கு 45 ரூபாய்க்குப் போடுகிறோம், கடைக்காரர் 50 அல்லது 52க்கு விற்கிறார் என்று கொள்வோம். 28க்கும் 45க்கும் நடுவே 17 ரூபாய் இருக்கிறதே என்று தோன்றும். வேலையை விடத் தூண்டுவது அந்த 17 ரூபாய்தான்.

தினம் 100 கிலோ போடுகிறவருக்கு மாத விற்பனை 1,35,000. மூலப்பொருள் 84,000. கவர் கிலோவுக்கு 2 ரூபாய் என்று 6,000. மின்சாரம் 8,000, உதவிக்கு ஓர் ஆள் 12,000, கடை கடையாகப் போட பெட்ரோல் 6,000, இடத்துக்கு வாடகை 8,000. மீதி 11,000. விற்காமல் திரும்பி வருவது நூற்றுக்கு ஐந்து என்றால் அதில் 6,750 போய்விடும். கையில் நிற்பது 4,250 ரூபாய். தவணை இன்னும் கட்டவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அரைக்கிற முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் கூலி போடவில்லை. 1,35,000 விற்பனை என்று கட்டுரையில் வருவது இதைத்தான்.

அதே தொழில் தினம் 250 கிலோவுக்குப் போனால் நிலைமை வேறு. விற்பனை 3,37,500. மூலப்பொருள் 2,10,000, கவர் 15,000, மின்சாரம் 15,000, இரண்டு ஆள் 24,000, பெட்ரோல் 10,000, வாடகை அதே 8,000, திரும்பி வருவது 16,875. மீதி 38,625. இப்போதுதான் பழைய சம்பளத்தின் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆக, இந்தத் தொழிலில் இறங்குகிறவர் முதலில் போடவேண்டிய கணக்கு, 250 கிலோவை எட்ட எத்தனை மாதம் ஆகும், அதுவரை வீட்டுச் செலவுக்கு எங்கே போவது என்பது. ஒரு மளிகைக் கடை சராசரியாக 5 கிலோ எடுத்தால் 50 கடை வேண்டும். ஏற்கனவே இரண்டு மூன்று பெயர் மாவு வைத்திருக்கும் கடையில் நம் பாக்கெட்டுக்கும் இடம் கிடைத்து, ஐம்பது கடை நிலைக்க ஓராண்டு எடுத்தாலும் ஆச்சரியமில்லை. ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏழாவது மாதம் நகைக்கடனுக்குப் போவது இதனால்தான்.

38,625ம் நிலையானதல்ல. உளுந்து கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால் ஒரு கிலோ மாவுக்கு 2 ரூபாய் 60 காசு கூடும். மாதம் 7,500 கிலோவுக்கு 19,500 ரூபாய். லாபத்தில் பாதி. உளுந்து விலை ஏறியது என்று கடைக்காரரிடம் சொல்லி மறுநாளே விலை ஏற்ற முடியாது. பக்கத்துத் தெருக்காரர் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். அதற்காக உளுந்தை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவதும் ஆபத்து. பழைய உளுந்தில் மாவு பொங்காது. அளவு காணாது, இட்லி தட்டையாக வரும், குறை சொல்லி முதலில் போன் வருவது ஓட்டல்காரரிடமிருந்து. இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் வைக்காமல், ஒவ்வொரு மூட்டையிலும் கால் கிலோ அரைத்துப் பொங்கும் அளவைப் பார்த்துவிட்டு மீதியை எடுப்பது நல்லது.

திரும்பி வரும் மாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். லாபம் போகும் பெரிய ஓட்டை அதுதான். பாக்கெட் பந்து போல உப்பி வருவதற்கு எல்லோரும் வெயிலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. முதலாவது, கிரைண்டரிலிருந்து வரும்போதே மாவு சூடாக இருப்பது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கோடையில் அரைத்தால் மாவு வெதுவெதுப்பாகத்தான் வரும். உடனே புளிப்பு ஏறத் தொடங்கிவிடும். உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீரோ ஐஸ் கட்டியோ சேர்த்து அரைத்து, கலக்கியதும் குளிரறையில் 4, 5 டிகிரிக்கு இறக்கி, பிறகுதான் கவரில் அடைக்க வேண்டும். சூடாக அடைத்துவிட்டுப் பாக்கெட்டாகக் குளிரவைத்தால் ஓரம் குளிரும், நடு குளிராது. கல் தேய்ந்திருந்தாலும் அரைக்கும் நேரம் நீண்டு சூடு ஏறும். மாவு நறநறவென்று தட்டுப்படத் தொடங்கினால் கல்லைக் கொத்தவேண்டிய நேரம்.

இரண்டாவது காரணத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். இரவு கடையை அடைக்கும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுப் போவார். காலையில் போட்டுவிடுவார். தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். உள்ளே எட்டு மணி நேரம் மாவு புளித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடைவாரியாகத் திரும்பிய பாக்கெட்டை எழுதிவைப்பது. போட்டது எத்தனை, திரும்பியது எத்தனை, உப்பியதா, தேதி முடிந்ததா என்று நாலு கட்டம் போட்ட நோட்டு போதும். மொத்தமாக ஐந்து சதவீதம் என்று தெரிவதால் ஒரு பயனும் இல்லை. கடைவாரியாகப் பார்த்தால் நாலைந்து கடையில்தான் பாதிக்குமேல் திரும்பியிருக்கும். உப்பியதாகவே வருகிற கடையில் ஃப்ரிட்ஜ்தான் பிரச்சினை; தேதி முடிந்து வருகிற கடையில் நாம் அதிகம் போடுகிறோம். முதலாமவரிடம் உப்பியதைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று கறாராகச் சொல்லலாம், அல்லது அந்தக் கடையை விட்டுவிடலாம். இரண்டாமவருக்குப் போடும் 10 பாக்கெட்டை 6 ஆக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்குக் கடையை விட மனம் வராது. விற்பனை குறையுமே என்பார்கள்.

கிரைண்டர் பெல்ட் இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். பெரியதாக ஒரே கிரைண்டர் வாங்குவதைவிட நடுத்தரமாக இரண்டு வாங்குவது மேல். மோட்டார் எரிந்து ஒருநாள் மாவு வராவிட்டால் அந்த அலமாரியில் மறுநாள் வேறு பெயர் இருக்கும்.

அடுத்தது கடன். மளிகைக் கடையில் 'பில்லுக்கு பில்' வழக்கம்: இன்றைய சரக்குக்குப் பணம் அடுத்த சரக்கு இறக்கும்போது. இது பரவாயில்லை. விடுதி, கேன்டீன், கேட்டரிங் என்று மொத்தமாக எடுப்பவர்கள் வந்தால்தான் கவனம் வேண்டும். தினம் 100 கிலோ, 45 நாள் கழித்துப் பணம் என்று ஓர் ஆர்டர் வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். முதல் ரூபாய் கைக்கு வருமுன் 2,02,500 ரூபாய் சரக்கு வெளியே நிற்கும். அரிசி மண்டியில் உங்களுக்கு அவ்வளவு நாள் கடன் கிடைக்காது. லாபம் வருகிற ஆர்டர்தான், ஆனால் அதைச் செய்யும் முதல் உங்களிடம் இல்லை. பாதி அளவில் தொடங்குகிறேன், 15 நாளுக்கு ஒருமுறை பணம் என்று பேசிப் பார்க்கலாம். மறுத்தால் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். மாதச் சம்பளத்தில் பழகியவர்களுக்கு இது பிடிபடக் காலம் ஆகிறது. சம்பளம் வேலை முடிந்ததும் வந்துவிடும். வியாபாரத்தில் பணத்துக்கு அலைவதும் வேலைதான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும் உண்மை. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தரவேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். பெரிய வாடிக்கையாளர் மேல் யாரும் புகார் செய்வதில்லை என்பது வேறு விஷயம். அதைவிடப் பயனுள்ளது, பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுவது. இந்தக் கெடுவைத் தாண்டித் தரும் பணத்தை, அதைத் தரும் ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. நிதியாண்டு முடியும் மார்ச் பிறந்ததும் அவர்களுடைய கணக்குப் பிரிவே தேடிப் பிடித்துப் பணம் போடும். வாங்கி விற்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; அரைத்து விற்பவருக்கு உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அரசு முத்திரைபோல ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் இணையதளங்கள் நிறைய உள்ளன. ஏமாற வேண்டாம்.

வீட்டு மீட்டரில் தொழில் செய்வது பலரும் சாதாரணமாக நினைக்கும் விஷயம். சமையலறைக்குப் பக்கத்தில் கிரைண்டரைப் போட்டுவிட்டு, பெரிதானதும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி, வேறு உபயோகத்துக்கு மின்சாரம் எடுத்ததாக மின்வாரியப் பறக்கும் படை கண்டால், பொருந்தும் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போதிலிருந்து என்று நிர்ணயிக்க முடியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. குளிரறை வைத்த மாவு மில்லுக்கு அது ஓராண்டு லாபத்தைத் துடைத்துவிடும். 12 கிலோவாட் வரையிலான குறுந்தொழில்களுக்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டண வீதம் உண்டு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எந்த வீதம் என்று கேட்டு, இடத்தை வாடகைக்குப் பேசும்போதே இணைப்பு மாற்றத்துக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண் கவரில் இருக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரிகிறது. தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு ஒன்று இருப்பது தெரிவதில்லை. எடைபோட்டு அடைத்து விற்பவர், அடைக்கத் தொடங்கிய 90 நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். கவரில் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, அடைத்த தேதி, புகார் எண் எல்லாம் இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கில் கவர் அச்சடித்த பிறகு ஒன்று விட்டுப்போனது தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டியே மாதம் ஓடும். முதல் கவரைக் குறைவாக அச்சடியுங்கள், கிலோவுக்கு இருபது காசு கூடினாலும்.

ஜிஎஸ்டி வரம்பு பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். தினம் 250 கிலோ போடுகிறவருக்கு, திரும்பியது போக ஆண்டு விற்பனை 38 லட்சத்தைத் தாண்டுகிறது. லாபம் கண்ணில் தெரியத் தொடங்குகிற அதே இடத்தில் வரம்பும் வந்து நிற்கிறது. இட்லி மாவுக்கு வரி 5 சதவீதம். வரம்பைத் தாண்டிய பிறகும் கவனிக்காமல் பழைய விலைக்கே விற்றால் அந்த 5 சதவீதம் நம் பையிலிருந்துதான் போகும். கிலோவுக்கு 2 ரூபாய்க்கு மேல். மேலே சொன்ன 38 ஆயிரத்தில் கிட்டத்தட்ட 15 ஆயிரம். 35 லட்சத்தைத் தொட்டதுமே விலையை எப்படி மாற்றுவது, ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள உற்பத்தியாளருக்கு 1 சதவீதம் என்று இருக்கும் இணக்கத் திட்டத்துக்கு (காம்பொசிஷன்) போவதா என்று முடிவு செய்துவிட வேண்டும். அதில் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது, வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. மாவுத் தொழிலில் கழிக்க அதிகம் இல்லாததால் பெரும்பாலும் இதுவே தோதாக இருக்கும்.

மானியக் கடனைப் பற்றி இரண்டே விஷயம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் என்றதும், அந்தப் பணம் கைக்கு வரும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது வங்கியில் உங்கள் கடனுக்கு எதிராக மூன்றாண்டு வைப்பாக நிற்கும். தொழிலை ஒழுங்காக நடத்தினால் பிறகு கடனில் கழியும். அதுவரை சரக்குக்கு அதில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அடுத்து, ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கு இதில் மானியம் கிடையாது. ஆர்வத்தில் கைப்பணத்தில் கிரைண்டர் வாங்கி விற்பனையும் தொடங்கிவிட்டு, பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். விண்ணப்பம், ஒப்புதல், பயிற்சி, அதன் பிறகுதான் இயந்திரம்.

ராஜினாமா தேதியைப் பற்றியும் சொல்லவேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு தொடர் பணி முடிந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி). பணிக்கொடைக்குக் கணக்கிடும் கடைசி மாதச் சம்பளம் 26,000 என்றால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் ஐந்தாண்டுக்கு 75,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. என்றாலும் சில மாதம்தான் குறைகிறது என்றால் வழக்கை நம்பாமல் வேலையிலேயே இருந்துவிடலாம். ஐந்தாண்டுக்கு முன்பு பிஎஃப் பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு. 50,000க்குக் குறையாமல் இருந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பத்தாண்டு முடித்தவருக்கு ஓய்வூதிய உரிமை இருப்பதால், பிஎஃப்பில் ஓய்வூதியத்துக்குப் போன பகுதியைச் சரக்கு வாங்க எடுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

வீட்டுக்கடனோ, இருக்கும் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவதோ, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கி இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்கும். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு போய்விடும். வெளியே புதிதாக எடுத்தால் ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே தனியாக ஒன்று எடுத்து அந்தக் காலத்தை ஓட்டத் தொடங்குவது நல்லது. இல்லையென்றால் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாற, விலகுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

கடைசியாக, பிஎஃப் கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவாகாவிட்டால் பணம் கோரும் விண்ணப்பம் முடங்கும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்தால், ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசி இருந்தால், உறுப்பினரே இணையத்தில் அதைப் பதிவு செய்யலாம்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்கு எழுதுவோர் சிலர்,
சிங்காநல்லூர், கோவை.